காற்றை வெளியே விடப் படித்தது

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி பிரகாசி, அடுப்படியில். மகள் செலின், தொட்டிலுக்குப் பக்கத்தில். தொட்டிலில் அவளுடைய பையன் லூர்து, ஐந்து மாதம். வாசற்படியில் மைத்துனன் இன்னாசி. அவன் பிரகாசியின் தம்பி. பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தான். பிறகு நான். நான் வீட்டுக்குள் இல்லை. வாசலுக்கு எதிரே வலை போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகையில் இருந்தேன்.

அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு இருமல் வந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. முதலில் இருமல் மட்டும். பிறகு நடந்தால் மூச்சு வாங்கியது. பிறகு உட்கார்ந்தாலும் வாங்கியது. என் அண்ணன் சயரோகம் என்கிற காசநோயில் போனவர். அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவர் மெலிந்தார், நானும் மெலிந்தேன். அவர் குடித்த தம்ளரில் குடித்த அவருடைய பிள்ளையும் பின்னாலேயே போயிற்று. அதனால் செலின் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய அன்றே நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. தட்டு, தம்ளர் தனி. பேரனை இதுவரை தூக்கவில்லை. ஒரே அறை வீடு. சயம் என்றால் அந்த அறைக்குள் எனக்கு இடமில்லை. இல்லை என்றால் உண்டு. அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பிரகாசி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"சோறு வச்சிருக்கேன். இன்னைக்காவது உள்ள வந்து உக்காரப் பிடாதா?"

"அங்கனயே வச்சிரு."

"நாய்க்கு வைக்கிற மாதிரி எத்தன நாளைக்கு வைக்க?"

தட்டை எடுக்க எழுந்தேன். இரண்டு எட்டு வைக்க மூச்சில்லை. கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டேன். காற்றை இழுத்து அடக்கினேன். பிறகு அதன் மேல் இன்னொரு இழுப்பு. அதையும் அடக்கினேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான். இழுக்க இழுக்க நெஞ்சு நிறைந்து கல்லாக நின்றது. அதற்கு மேல் இழுக்க இடமில்லை.

"ஏ அக்கா, மச்சான் ஒதட்டப் பாரு, நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு" என்று இன்னாசி சொன்னது கேட்டது. பிறகு அவன் குதிரை வண்டிக்கு ஓடினான்.

வண்டியில் அவன் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தான். "நான் பிடிச்சிருக்கேன் மச்சான், பயப்படாதியும்" என்றான். வழி முழுவதும் அதையே சொன்னான். பயந்தது அவன்தான்.

இன்னாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முத்துக் குளித்தவன். முத்துக் குளிப்பு இல்லாத வருஷங்களில் சங்கு. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் விட்டேன். குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு போகும். அதன் மறு நுனி தோணியில் ஒருவன் கையில் இருக்கும். கீழே இருக்கிறவன் அசைத்தால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் ஆள் இல்லை. எங்களில் அந்தக் கயிற்றை மனைவியுடன் பிறந்தவன் கையில்தான் கொடுப்போம். தன் உடன்பிறந்தவளைத் தாலி அறுக்க விடமாட்டான் என்று ஒரு கணக்கு. என் கயிறு இன்னாசி கையில் இருந்தது. அவன் தூங்கியதில்லை. கோபத்தில் என்னோடு பேசாமல் இருந்த நாட்களிலும் இழுத்திருக்கிறான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சீட்டு எழுத ஆள் வரவேண்டும் என்றார்கள். இன்னாசி சத்தம் போட்டான். டாக்டரே வெளியே வந்தார். சின்ன வயது. நம் ஊர்ப் பேச்சு இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டு பிறகு ஆகட்டும் என்று ஊசி எடுத்தார். கையில் தோலுக்கு அடியில் போட்டார். அட்ரினலின் என்று பெயர். மூச்சுக் குழாயைச் சுற்றியிருக்கும் சதை முறுக்கிக்கொள்கிறதாம். அந்த முறுக்கை அவிழ்க்கிற மருந்து. போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் காற்றுக்கு வழி கிடைத்தது.

டாக்டர் நெஞ்சில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். வெறும் பீப்பாயைத் தட்டின சத்தம். எனக்கே கேட்டது.

"சயமா?" என்றேன்.

"பார்க்கணும். சளியையும் பார்க்கணும், படமும் எடுக்கணும். அவசரப்படாதீங்க."

நான் அவசரப்படவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

ஜன்னல் ஓரத்தில் கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீவைகுண்டத்து நெல் விவசாயி ஒருவர், சுடலைமுத்து. அவருக்கும் இழுப்பு. களத்துத் தூசியில் வந்தது என்றார். நான் படுக்க முடியாமல் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வாரும்வே" என்றார். "என் இழுப்பு நாயனம் மாதிரி இருக்குன்னு நர்சம்மா சொல்லுதா. ஒம்மது என்ன?"

"சங்கு" என்றேன். நான் குளித்தது அதுதானே.

"சங்கா? இங்கன வச்சு ஊதிராதீரும்வே, ஆளு சேந்துரும்."

சிரித்தால் இருமல் வரும். இரண்டு பேரும் இருமினோம். நர்சு வந்து இரண்டு பேரையும் திட்டினாள். அவள் நாகர்கோவில் பக்கம்.

காலையில் எழுந்ததும் முதல் சளியை மூடி போட்ட தகர டப்பாவில் துப்பச் சொன்னார்கள். சயரோகக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. சளியைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டுப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பார்களாம். ஒரு நாளில் தெரியாது, மூன்று காலை எடுக்க வேண்டும் என்றார்கள். சயத்துக்கான ஊசி மருந்து அப்போது எங்களுக்கு எட்டவில்லை. கிருமி இருந்தால் தூரத்து ஊரில் அதற்கென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே போன எங்கள் தெருக்காரர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் செலின் நின்றாள். இடுப்பில் லூர்து.

"அப்பா, இங்க பாருங்க. இவன் குப்புற விழ ஆரம்பிச்சிட்டான்."

நான் கையை அசைத்துப் போகச் சொன்னேன். அவள் போகவில்லை. பையனின் கையைப் பிடித்து எனக்கு அசைத்துக் காட்டினாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். மரத்தடியில் யாரும் இல்லை.

"யாருவே அது?" என்றார் சுடலைமுத்து.

"மவ."

"பச்சப் பிள்ளைய ஏன்வே வெரட்டுதீரு?"

சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்போ ராத்திரியும் பகலும் ஒம்ம காத்தக் குடிச்சிட்டுக் கெடக்குற நான் மனுசன் இல்ல?"

"நீரு கட்டில நவுத்திக்கிடும்."

"நவுத்த மூச்சு வேணும்லா" என்றார். கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று இரவு தன் வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினார். நான் வேண்டாம் என்றேன். குடியும் என்றார். குடித்தேன்.

நான்காம் நாள் எக்ஸ்ரே. உடம்புக்குள்ளே இருக்கும் எலும்பையும் நுரையீரலையும் நிழலாகக் காட்டும் படம். சட்டையில்லாமல் ஒரு தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். தகடு குளிர்ந்திருந்தது. இன்னாசி என்னைத் தாங்கிக் கூட்டிப் போய் விட்டுவிட்டு வாசலில் நின்றான்.

"மூச்ச நல்லா இழுத்து அடக்கும். அசையக் கூடாது" என்றார் படம் எடுக்கிறவர்.

இழுத்தேன். அடக்கினேன். இயந்திரம் உறுமிற்று. நின்றது.

"சரி, விடும்" என்றார்.

நான் விடவில்லை.

"படம் எடுத்தாச்சு. மூச்ச விடும்வே."

கேட்டது. ஆனாலும் விடவில்லை. வீம்பு இல்லை. முப்பது வருஷமாக என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடக்கினால் அடக்கியதுதான். கீழே சிப்பி பொறுக்கும்போது என்ன ஆனாலும் காற்றை விடக் கூடாது. விட்டவன் மேலே வருவதில்லை. தகட்டில் சாய்ந்து நின்ற உடம்பு கடலடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டது. அறை இருட்டியது. கால் தளர்ந்தது.

படம் எடுக்கிறவர் பயந்து கத்தினார். இன்னாசி உள்ளே ஓடி வந்தான். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான்.

"மேல வந்தாச்சு மச்சான்! தோணியில இருக்கீரு! விடும்!"

விட்டேன்.

பிறகு கட்டிலில் போட்டு மூக்கில் ரப்பர்க் குழாய் வைத்தார்கள். பெரிய இரும்பு உருளையில் அடைத்து வைத்த பிராணவாயு அது. அது போன வேகத்தில் கண் தெளிந்தது.

டாக்டர் வந்து இன்னாசியிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கயிற்றுக் கதை உட்பட. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"மூச்சுத் திணறும்போது என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க."

காட்டினேன். இழுத்து அடக்கி, அதன் மேல் இழுத்து அடக்கி.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்குக் காத்து பத்தலைன்னு நினைக்கிறீங்க. அப்படி இல்லை. காத்து அதிகமா இருக்கு. அது வெளியே போக மாட்டேங்குது. பழசு போனாத்தானே புதுசு வரும்?"

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரலுக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. வயதாலும் நான் பிடித்த சுருட்டுப் புகையாலும் பழைய இருமலாலும் அவை தளர்ந்து உப்பிவிட்டன. தானாகச் சுருங்கும் சக்தி போய்விட்டது. அதனால் உள்ளே போன காற்று அங்கேயே தங்குகிறது. ஆழத்து மீனை வேகமாக மேலே இழுத்தால் அதன் வயிற்றுக் காற்றுப் பை உப்பிப் போகும். திரும்பக் கடலில் போட்டாலும் அதனால் கீழே போக முடியாது, மல்லாந்து கிடக்கும். அது மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

"முத்துக் குளிச்சதால வந்ததா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். தெரியாது என்று சொன்னதால் அவரை எனக்குப் பிடித்தது. "ஆனா சுருட்டால வந்ததுன்னு தெரியும்."

பிரகாசி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கேட்க வேண்டியதை அவள்தான் கேட்டாள்.

"சயம் இல்லியா ஐயா?"

"இல்லைம்மா. மூணு நாள் சளியிலயும் கிருமி இல்லை. படத்துலயும் அதுக்கான ஓட்டையோ தழும்போ இல்லை. இது ஒட்டுற வியாதி இல்லை."

அவள் தரையில் உட்கார்ந்தாள். சுடலைமுத்து தன் செம்பை நீட்டினார். தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும் என்னைத் திட்டத் தொடங்கினாள்.

"கேட்டியளா? அஞ்சு வாரமா தட்டத் தனியா கழுவி, தம்ளரத் தனியா கழுவி, வெயில்ல காயவச்சு... யாரு கேட்டா? ஒரு வார்த்த டாக்டர்ட்ட வந்து கேக்கத் தோணிச்சா? கொட்டகையில போயி கோழி மாதிரி முடங்கிட்டு!"

"போதும் அக்கா, இங்கன எல்லாரும் பாக்காவ" என்றான் இன்னாசி.

"பாக்கட்டும்."

எனக்கு அவள் திட்டியது நன்றாக இருந்தது.

"அப்ப வீட்டுக்குப் போவலாமா?" என்று கேட்டேன்.

"இப்போ போனா அடுத்த தடவை அடக்கி வச்சு அங்கேயே போயிடுவீங்க" என்றார் டாக்டர். "காத்தை வெளியே விடக் கத்துக்கணும். கத்துக்கிட்டதும் போகலாம்."

நர்சு ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு ரப்பர்க் குழாயை உள்ளே விட்டுக் கொண்டுவந்தாள். உதட்டைக் குவித்துக் குழாய் வழியாக மெல்ல ஊத வேண்டும். தண்ணீரில் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். இழுப்பதைப் போல இரண்டு பங்கு நேரம் ஊத வேண்டும். காற்று முழுதும் போகும்வரை அடுத்த இழுப்பு இழுக்கக் கூடாது.

கேட்க லேசு. நான் ஊதினேன். நாலு குமிழி. நெஞ்சு கொஞ்சம் காலியானதும் உடம்பு பதறி வாயைத் திறந்து இழுத்து அடக்கிக்கொண்டது.

"பெரியவரே, அடக்காதீங்க" என்றாள் நர்சு.

"அடக்கல."

"அடக்குனீங்க. நான் பாத்தேன்."

"தானா அடங்குது."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. சுடலைமுத்து அதே போத்தலில் கொதிக்கிற உலை மாதிரி ஊதினார். எனக்கு வரவில்லை. நர்சு கோபித்தாள், கெஞ்சினாள், மெழுகுவத்தியைக் கொளுத்தி முன்னால் வைத்து ஊதச் சொன்னாள். காற்று குறைகிறது என்று தெரிந்ததும் எனக்கு வருகிற பயத்தை நான் அவளுக்கு எப்படிச் சொல்வேன்.

இன்னாசி பக்கத்தில் உட்கார்ந்து போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை குமிழி வரும்போதும் கட்டிலை விட்டு அரைவாசி எழுந்தான்.

"நீ ஏம்லே துள்ளுத?" என்றேன்.

"குமிழி வந்தா இழுக்கணும்லா மச்சான். கை சும்மா இருக்க மாட்டேங்கு."

சொல்லிவிட்டு அவனே யோசித்தான். நர்சின் தட்டிலிருந்து கட்டுத்துணியில் நாலு முழம் எடுத்தான். ஒரு நுனியை என் மணிக்கட்டில் கட்டினான். மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

"இது என்னது?" என்றாள் நர்சு.

"சும்மா இரும்மா. மச்சான், நான் இழுக்கும்போது மேல வாரீரு. அப்ப விடும். நான் இழுத்துட்டே இருப்பேன், நீரு விட்டுட்டே இரும்."

கயிற்றில் ஏறி வரும்போதுதான் எங்களுக்குக் காற்றை விட அனுமதி. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வருவோம். தண்ணீருக்கு மேல் தலை வரும்போது நெஞ்சு காலியாக இருக்கும்.

நான் மூச்சை இழுத்தேன். அவன் துணியைச் சுண்டி, கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக இழுத்தான். ஊதினேன். குமிழி வந்தது. நிற்கவில்லை. அவன் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நெஞ்சு கீழே இறங்கியது. பயம் வந்தது, ஆனால் கையில் துணி விறைப்பாக இருந்தது. கடைசிக் குமிழி வரைக்கும் போயிற்று. பிறகு நான் இழுக்காமலே காற்று உள்ளே வந்தது. சுத்தமான காற்று. அப்படி ஒன்று வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

"பிடிச்சிட்டாரு!" என்றார் சுடலைமுத்து. "நர்சம்மா, ஒரு கயிறு எனக்கும் வேணும். என் மச்சினன் வரமாட்டான், வரப்பு வழக்கு இருக்கு. வேற யாராவது இழுங்க."

டாக்டர் வந்து பார்த்தார். இன்னாசியின் கையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். "எப்படியோ வெளியே போனா சரி. ஆனா கயிறு இல்லாமலும் பழகணும்" என்றார். அது நியாயம். ஒவ்வொரு நாளும் இன்னாசி துணியைத் தளர்த்திப் பிடித்தான். பிறகு இழுப்பதை நிறுத்தி, சும்மா பிடித்திருந்தான். பிறகு தரையில் படுத்துத் தூங்கினான். நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

செலவைச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கும் கஞ்சிக்கும் காசு இல்லை. எபிட்ரின் மாத்திரை மட்டும் ஆஸ்பத்திரியில் தீர்ந்து போய் வெளியே வாங்கச் சொன்னார்கள். மூச்சுக் குழாயைத் திறந்து வைக்கும் மாத்திரை, தூக்கத்தைக் கெடுக்கும். இன்னாசி வாங்கி வந்தான். எதை விற்றான் என்று சொல்லவில்லை. அவன் காதில் கடுக்கன் இல்லை. நான் கேட்கவில்லை. அவனும் காதைத் தடவவில்லை. சுருட்டை விட்டேன். அது பெரிய காரியமாக இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னை வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கச் சொன்னார். உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே நடந்தேன். நின்றேன். பிறகும் நடந்தேன். சரி என்றார். இந்த வியாதி போகாது, கூடவே இருக்கும், சண்டை போடாமல் இருந்தால் அதுவும் போடாது என்றார். அடுப்புப் புகையில் உட்காரக் கூடாது. குளிர்காற்றில் நிற்கக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது.

"பாரம் தூக்கக் கூடாது. பதினஞ்சு ராத்தலுக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்றார்.

சுடலைமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெல்லு அறுப்புக்கு வாரும்வே" என்றார். "தூசிக்கா?" என்றேன். சிரித்து இருமினோம். நர்சு திட்டினாள்.

வீட்டு வாசலில் செலின் நின்றாள். பிள்ளையை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்கப்பா. இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இவன் எத்தன ராத்தல்?"

அவள் முழித்தாள். பிரகாசி முழித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

"கூறுகெட்ட மனுசன். டாக்டர் மூடைய சொன்னாரா, பிள்ளைய சொன்னாரா?" என்றாள் பிரகாசி.

"எதையும்னு சொன்னாரு."

"கெழவன் சொன்னதத்தான் பிடிச்சிட்டு நிப்பான்" என்று அவள் தம்பியைப் பார்த்தாள். இன்னாசி என் பக்கம் நின்றான்.

"மச்சான் சொல்லுதது சரிதான் அக்கா. டாக்டர் சொன்னது சொன்னதுதான். அண்ணாச்சி கடையில தராசு இருக்கு."

"பிள்ளைய எடை போட்டாக் கண்ணு படும்!"

"மையி வச்சு விடு."

அவள் முனகிக்கொண்டே அடுப்புக் கரியைத் தொட்டுப் பிள்ளையின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். எல்லாரும் தெருமுனைக் கருப்பட்டிக் கடைக்குப் போனோம். நான் ஊதிக்கொண்டே கடைசியில் போனேன்.

கடை அண்ணாச்சி கணக்கை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்னவே, பேரனுக்கு வெல சொல்லுதீரா?"

"எடை மட்டும் சொல்லும்" என்றேன்.

அவர் தராசுத் தட்டில் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் தன் துண்டை விரித்தார். செலின் பிள்ளையை வைத்தாள். அவன் அழவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி மறு தட்டில் பத்து ராத்தல் கல்லை வைத்தார். தட்டு அசையவில்லை. இரண்டு ராத்தல் வைத்தார். அசையவில்லை. இன்னொரு இரண்டு வைத்தார். கொஞ்சம் ஆடிற்று, நிற்கவில்லை. பிள்ளைப் பக்கம்தான் தாழ்ந்திருந்தது. பிரகாசி என் முகத்தைப் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, இன்னாசி என் முதுகைத் தட்டினான். விட்டேன். அண்ணாச்சி பெட்டியில் துழாவி ஒரு கால் ராத்தல் கல்லை எடுத்து மெதுவாக வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது.

பதினான்கே கால் ராத்தல்.